பாட்டை நிறுத்துவது யாருக்காக?

2004 டிசம்பர் 26க்குப் பிறகு ஜெர்மனியின் வானொலி நிலையங்கள் பல, ஒரு பாடலைத் தங்கள் ஒலிபரப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. அரசு தடை எதுவும் போடவில்லை. பாடலில் ஆபாசம் இல்லை. யாரையும் இழிவு செய்யும் சொல்லும் இல்லை. அந்த ஆண்டுக் கோடையில் வெளிவந்து, விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறி, இளைஞர்கள் வாயில் புழங்கிக்கொண்டிருந்த பாடல் அது. பெயர் 'பெர்ஃபெக்டெ வெல்லெ'. 'வெல்லெ' என்றால் அலை. தலைப்பைக் 'கச்சிதமான அலை' என்று தமிழாக்கலாம். பாடியது 'யூலி' என்ற ராக் இசைக்குழு. பாடகி ஏவா பிரீகல்.

நாகப்பட்டினத்தையும் கடலூரையும் முல்லைத்தீவையும் மட்டக்களப்பையும் அள்ளிக்கொண்டு போன அலை, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு பாட்டையும் வாய்மூட வைத்தது. இந்தச் செய்தி பல ஆண்டுகள் கழித்துத்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. ஜெர்மன் எனக்குத் தெரியாது. அந்த மொழியைக் கற்பிக்கும் தோழி ஒருத்தி வரிவரியாகப் பொருள் சொல்ல, பாடலைக் கேட்டேன். அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னோடு இருக்கிறது. அந்த மௌனம் யாருக்காக? செத்தவர்களுக்காகவா, செத்தவர்களின் உறவுகளுக்காகவா, கேட்டுக்கொண்டிருந்தவர்களின் மனநிம்மதிக்காகவா? சொல்லையே தொழிலாக வைத்திருக்கிற ஒருத்திக்கு இது வெறும் ஒலிபரப்புச் செய்தி அல்ல. ஒரு பேரழிவுக்கு முன்னால் எழுதிய சொல், அந்த அழிவுக்குப் பின்னால் குற்றமுள்ளதாகிவிடுமா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

யூலியின் ஊர் கீஸன். ஹெஸ்ஸன் மாநிலத்தில், லான் ஆற்றங்கரையில், ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த சிறிய நகரம். வேதியியலாளர் லீபிக்கின் பெயரைத்தான் அந்தப் பல்கலைக்கழகம் சூடியிருக்கிறது. எக்ஸ் கதிரைக் கண்டறிந்த ரான்ட்ஜென் அங்கே பேராசிரியராக இருந்தவர். ஊருக்குப் பெருமை உண்டு, கடல் கிடையாது. மிக அருகில் உள்ள கடற்கரைக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டும். அப்படி ஓர் ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு அலை என்பது விடுமுறையில் கண்ட காட்சி, அல்லது படத்தில் கண்ட காட்சி. அதன் உப்பு அவர்கள் சோற்றில் இல்லை. உருவகமாக்க அதைவிட வசதியான பொருள் வேறு எது?

குழு தொடக்கத்தில் 'சன்னிகிளேட்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் பாடியது. பிறகு பெயரையும் மொழியையும் சேர்த்தே மாற்றிக்கொண்டது. யூலி என்றால் ஜூலை மாதம். பாட்டு ஜெர்மன் மொழிக்கு வந்தது. அதே காலத்தில் பெர்லினிலிருந்து 'விர் ஸிண்ட் ஹெல்டன்', பாவுட்சென் என்ற சிறு நகரத்திலிருந்து 'ஸில்பர்மோண்ட்' ஆகிய குழுக்கள் ஜெர்மன் மொழியில் பாடி வெற்றி பெற்றன. மூன்றிலும் முன்னால் நின்று பாடியவர் பெண். இசையில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாவிட்டாலும் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவது அன்று வழக்கமாக இருந்தது. நமக்கு இது புதிதா என்ன? பெண் கவிஞர்கள் நால்வர் எழுதினால் நால்வரும் ஒரே அலை என்று விமர்சகர்கள் எழுதிவிடுவார்கள். ஆண்கள் நாற்பது பேர் எழுதினாலும் ஆளுக்கொரு கடல்.

உள்ளூர் மொழிப் பாடல்களை வானொலிகள் போதிய அளவு ஒலிபரப்புவதில்லை என்ற வாதம் அந்த ஆண்டு ஜெர்மனியில் சூடாக நடந்தது. வானொலிகள் தாமாகவே முன்வந்து 35 விழுக்காடு அளவுக்கு ஜெர்மன் இசையை ஒலிபரப்ப வேண்டும் என்று 2004 டிசம்பரில் நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டது. அதே மாதத்தின் முடிவில் ஒரு ஜெர்மன் பாடல் பட்டியலிலிருந்து வெளியே போனது. தாய்மொழியில் பாடியதற்கான விலை அது என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. அந்தக் குழு ஆங்கிலத்திலேயே தொடர்ந்து, பாட்டில் 'வேவ்' என்று வந்திருந்தால், கேட்பவர் காதில் அது இசையோடு இசையாகக் கரைந்து போயிருக்கலாம். தாய்மொழிச் சொல் அப்படிக் கரையாது. செய்தி வாசிப்பவர் 'ஃப்ளூட்வெல்லெ', அதாவது வெள்ள அலை, என்று சொல்லி முடித்து, இறந்தோர் எண்ணிக்கையைப் படித்து முடித்த அடுத்த நிமிடம், ஒரு பெண் குரல் மகிழ்ச்சியோடு 'வெல்லெ' என்று பாடினால் அந்த இரண்டு சொற்களும் காதுக்குள் மோதத்தான் செய்யும்.

பாடல் சொல்வது என்ன? நெடுநாள் காத்திருந்த தருணம் கைக்கு எட்டிவிட்டது, தயங்காதே, ஏறிக்கொள் என்பதுதான். அலைச்சறுக்கு வீரரின் காத்திருப்பு அதில் இளமையின் உருவகம் ஆகிறது. ஆறு மாதம் வரை அது அப்படித்தான் இருந்தது. ஏழாவது மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பாடலில் ஓர் எழுத்துக்கூட மாறாமல் அதன் பொருள் மாறிப்போனது. எழுதுகிறவர்களுக்கு இது அச்சமூட்டும் விஷயம். நான் எழுதிய வரிக்கு என்ன பொருள் என்பதை இன்னும் நடக்காத ஒன்று தீர்மானிக்கலாம்.

நிலையங்களின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தப் பேரழிவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் இறந்தார்கள்; பெரும்பாலோர் தாய்லாந்துக் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போனவர்கள். மகளின் உடல் கிடைக்குமா என்று தொலைபேசிக்குப் பக்கத்தில் காத்திருக்கும் தாய் காதில் அந்தப் பாட்டு விழுந்தால்? பாட்டை அவர் தேர்ந்தெடுத்துக் கேட்பதில்லை, வானொலி அவர் மேல் கொண்டுவந்து கொட்டுகிறது. புத்தகத்தை மூடி வைக்கலாம். கடையிலும் பேருந்திலும் ஒலிக்கும் பாட்டை மூட முடியாது. ஆகவே ஒலிபரப்புகிறவருக்கு எழுதுகிறவரைவிடக் கூடுதல் பொறுப்பு உண்டு. சில நாள்கள் அந்தப் பாட்டை நிறுத்தியது இங்கிதம். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஜெர்மனி வெறும் மௌனத்தோடு நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. அரசு 50 கோடி யூரோ உதவி அறிவித்தது. மக்களும் கோடிக்கணக்கில் அள்ளிக் கொடுத்தார்கள்.

என் கேள்வி இங்கிதத்தின் எல்லை பற்றியது. இங்கிதம் காதைப் பார்க்கிறது. இந்தச் சொல் இப்போது யாரைச் சுடும் என்று கேட்கிறது. அது நல்ல கேள்வி. ஆனால் இங்கிதம் செய்தாயிற்று, ஆகவே அறம் செய்தாயிற்று என்று நினைத்துக்கொள்வது மிக எளிது. சொல்லை எடுத்துவிட்டால் துக்கத்துக்குரிய மரியாதையைச் செலுத்திவிட்டதாக ஒரு நிறைவு வந்துவிடுகிறது.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1991 வளைகுடாப் போரின்போது பிபிசி, ஒலிபரப்பைத் தவிர்க்க வேண்டியவை என்று 67 பாடல்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. அதில் ஆபா குழுவின் 'வாட்டர்லூ'வும் உண்டு. அது ஒரு காதல் பாட்டு. போர்க்களத்தின் பெயர் தலைப்பில் இருப்பதுதான் அதன் குற்றம். 'மாசிவ் அட்டாக்' என்ற குழு, பெயரில் 'தாக்குதல்' இருந்ததால் அந்த நாள்களில் வெறும் 'மாசிவ்' ஆனது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வானொலி நிலையங்களை வைத்திருந்த கிளியர் சேனல் நிறுவனத்துக்குள், 'யோசித்து ஒலிபரப்பவும்' என்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாடல்களின் பட்டியல் சுற்றுக்கு வந்தது. ஜான் லென்னனின் 'இமேஜின்' அதில் இருந்தது. சமாதானம் வேண்டும் பாட்டு அது.

குண்டு போட்டவர்கள் கூச்சமின்றிப் பேசிக்கொண்டிருந்த நாள்களில் 'தாக்குதல்' என்ற சொல் கூச்சத்துக்குரியதாக இருந்தது. சொல்லைக் கைதுசெய்வது எளிது. அது எதிர்த்து வழக்குப் போடாது. பட்டியல் போடுகிறவருக்கு அதனால் எந்தச் செலவும் இல்லை. ஒரு பாட்டின் இடத்தில் இன்னொரு பாட்டு ஒலிக்கும், விளம்பரங்கள் வழக்கம்போல ஓடும். விலை கொடுப்பது பாடியவர்கள். அதைவிட முக்கியம், அந்தக் கூச்சத்தால் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு குவளைத் தண்ணீர்கூடக் கிடைப்பதில்லை.

சொல்லில் குற்றம் இல்லை என்றால் பிறகு எதில்தான் குற்றம்? அதே வாரங்களில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி இதற்கு விடை சொல்கிறது. 2005 ஜனவரியில் நியூயார்க்கின் 'ஹாட் 97' வானொலியின் காலை நிகழ்ச்சியில், சுனாமியில் இறந்த ஆசிய மக்களைக் கேலி செய்து, இனவெறிச் சொற்களோடு ஒரு பாட்டு ஒலிபரப்பானது. நிதி திரட்டுவதற்காகப் பல பாடகர்கள் சேர்ந்து பாடிய பழைய பாட்டு ஒன்றின் மெட்டில் அது கட்டப்பட்டிருந்தது. அந்த நிகழ்ச்சியிலேயே பணிபுரிந்த, ஆசிய வம்சாவளிப் பெண் ஒருவர் ஒலிபரப்பின்போதே அதை எதிர்த்தார். சக ஊழியர்கள் அவரையும் கேலி செய்தார்கள். பிறகு மக்கள் எதிர்ப்புக் கிளம்பி, விளம்பரதாரர்கள் விலகி, குழுவினர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், சிலர் வேலையிழந்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீஸன் பாட்டில் அலை இருக்கிறது, இறந்தவர்கள் இல்லை. நியூயார்க் பாட்டில் இறந்தவர்கள் இருக்கிறார்கள், கேலிப்பொருளாக. முதலாவது தற்செயலாக வந்த ஒலி ஒற்றுமை. இரண்டாவது வேண்டுமென்றே செய்த அவமதிப்பு. சொற்பட்டியல் வைத்துக்கொண்டு சலித்தால் இரண்டும் ஒரே சல்லடையில்தான் சிக்கும். யாரை நோக்கி, யாருடைய செலவில் சிரிக்கிறோம் என்று கேட்டால்தான் வேறுபாடு தெரியும். அந்தக் கேள்வியை அன்று அந்த அறையில் கேட்டவர் ஒரு பெண். அவருக்கு எந்தப் பட்டியலும் தேவைப்படவில்லை.

துக்கத்தின் பெயரால் வரும் மௌனத்தைப் பற்றிப் பெண்களுக்குத் தனியாகத் தெரியும். நம் வீடுகளில் சாவு விழுந்தால் முதலில் அணைவது வானொலியும் தொலைக்காட்சியும். தலைவர்கள் இறந்தால் அகில இந்திய வானொலியில் சோக வாத்திய இசை மட்டும் வரும் நாள்கள் இருந்தன. எல்லோருக்குமான அந்த மௌனம் கருமாதியோடு முடிந்துவிடும். கணவனை இழந்தவளுக்கு மட்டும் அது முடிவதில்லை. பூ, பொட்டு, கோலம், சுபகாரியத்தில் முன்வரிசை என்று ஒவ்வொன்றாக அணைக்கப்பட்டு, அவளுடைய துக்கம் அவளைக் கேட்காமலேயே நீட்டிக்கப்படும். மரியாதை என்று அதற்குப் பெயரும் உண்டு. ஆகவே 'துக்கத்துக்காக நிறுத்துகிறோம்' என்று யாராவது சொன்னால், எத்தனை நாளைக்கு, யாரைக் கேட்டு, யாருடைய வாயை என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. நம் மரபில் துக்கம் மௌனமானது அல்ல. ஒப்பாரி வைப்பவர்கள் பெண்கள். ஒப்பாரி இறந்தவரோடு பேசும், கடவுளைத் திட்டும், சொத்தில் பங்கு தராத அண்ணன் தம்பியை இடித்துக்காட்டும். எந்தச் சொல் சுடும் என்று பார்த்து ஒதுக்குவதில்லை. சுடுகிற சொல்லைத்தான் தேடி எடுக்கும். வகுப்பில் ஐந்திணை நடத்தும்போது, கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். நம் கவிதையில் அலைக்குப் பக்கத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு பெண்ணின் அழுகை இருந்துவருகிறது. அலை அங்கே குற்றவாளியும் இல்லை, அப்பாவியும் இல்லை. அவளுடைய சொல்லுக்குத் துணையாக இரைந்துகொண்டிருக்கிறது. கடல் இல்லாத ஊரில் அலை வெறும் மகிழ்ச்சியாக இருக்க முடியும். அதனால்தான் துக்கம் வந்தபோது அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அங்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். எங்களுக்கு அந்தச் சொல்லை விட்டால் வேறு சொல் இல்லை. சுனாமி என்ற புதுச்சொல்லைத் தமிழாக்கும்போதுகூட ஆழிப்பேரலை என்றுதான் சொன்னோம்.

பேசப்பட வேண்டிய விஷயங்களும் இருந்தன. 2005 மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட அறிக்கை, அந்த அலையில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்ததை எடுத்துக்காட்டியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. கடலூரில் பெண்கள் 391, ஆண்கள் 146. காரணங்கள் கடலில் இல்லை, கரையில் இருந்தன. ஆண்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே அலை படகுக்கு அடியில் நழுவிப் போய்விட்டது. மீன் வாங்கி விற்கப் பெண்கள் கரையில் காத்திருந்தார்கள். கிழக்கிலங்கையில் அது பெண்கள் கடலில் குளிக்கும் நேரம். பிள்ளைகளையும் முதியவர்களையும் விட்டுவிட்டு ஓட அவர்களால் முடியவில்லை. நீந்தவும் மரம் ஏறவும் பையன்களுக்குத்தான் கற்றுக்கொடுத்திருந்தோம். பிழைத்த தாய்மாரில் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த அவர்களுக்குக் கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் சிகிச்சைக்கு அரசு உதவியது. அது ஆறுதலா, கட்டாயமா என்பது ஒவ்வொரு வீட்டிலும் வெவ்வேறு விதமாக இருந்திருக்கும்.

இவையெல்லாம் ஒரு ஜெர்மன் இசை நிலையத்தின் வேலையா என்று கேட்கலாம். இல்லைதான். பாட்டுப் போடுகிறவர் பாட்டுப் போடட்டும், துக்கம் கொண்டாடத் தெரியாவிட்டால் சும்மாவாவது இருக்கட்டும் என்பதும் நியாயமான பேச்சுத்தான். நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பாட்டை எடுத்தால், ஏன் எடுத்தோம் என்று சொல்லி எடுக்க வேண்டும். மூன்று நிமிடத்துச் சொச்சம் அந்தப் பாட்டு பிடித்திருந்த இடத்தில், அந்த அலை யாரைக் கொன்றது என்று அரை நிமிடம் பேச வேண்டும். காரணம் சொல்லாமல் எடுத்தால் சொல் மட்டுமே தண்டனை பெறுகிறது, கேட்பவர் காது காப்பாற்றப்படுகிறது, செத்தவர் கணக்கில் எதுவும் சேர்வதில்லை. காரணம் சொல்லி எடுத்தால் அந்த வெற்றிடமே ஒரு செய்தி ஆகும்.

யூலியின் வாழ்க்கை அந்த மௌனத்தோடு முடியவில்லை. 2005 பிப்ரவரியில், ஜெர்மனியின் 16 மாநிலங்களும் ஆளுக்கொரு பாடலோடு போட்டியிட்ட முதலாவது 'புண்டெஸ்விஷன்' போட்டியில், 'கைலெ ட்ஸைட்' என்ற பாடலோடு ஹெஸ்ஸன் சார்பில் நின்று வென்றார்கள். போய்விட்ட நல்ல காலத்தைத் திரும்பிப் பார்க்கும் பாட்டு அது. சுனாமி வந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. ஒரே குரல், ஒரே குழு. ஒரு பாட்டு தவிர்க்கப்பட்டது, இன்னொன்றுக்குப் பரிசு. குழுவின் மேல் யாருக்கும் கோபம் இல்லை, ஒரு சொல்லின் மேல்தான் வருத்தம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2006, 2010, 2014 ஆகிய ஆண்டுகளில் தொகுப்புகள் வந்தன. அதன்பின் ஒன்பது ஆண்டு இடைவெளி; 2023இல் அடுத்தது. 'பெர்ஃபெக்டெ வெல்லெ'யும் வானொலிக்குத் திரும்பிவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து இன்றும் அந்தக் குழுவின் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

அது திரும்பியதில் எனக்கு மகிழ்ச்சியே. துக்கத்தை ஒரு சொல்லின் மேல் நிரந்தரமாக ஏற்றி வைக்கக் கூடாது. கைம்பெண்ணின் வாசலில் கோலத்தைத் திரும்ப வரச் சொல்லிக் கேட்கிற நாம், ஒரு பாட்டைத் திரும்ப வராதே என்று சொல்ல முடியாது. ஆனால் நிறுத்துவதற்கு ஒரு காரணம் இருந்ததுபோல, திரும்ப ஒலிப்பதற்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. 2004க்கு முன்பு அந்தச் சொல்லுக்கு இருந்த எடையில்லாத மகிழ்ச்சி இனி இல்லை. கேட்பவருக்கு அது தெரிந்திருந்தால் போதும். நானும் கவிதையில் அலை என்று எழுதுகிறேன், ஒதுக்குவதில்லை. எழுதும்போது 2,406 என்ற எண் பக்கத்தில் இருக்கிறது. அந்த எண் இருப்பதால் சொல் கனக்கிறது. கனக்கட்டும், கனக்கிற சொல்லையும் பாட முடியும் என்று ஒப்பாரி பாடிய பெண்கள் நமக்குக் காட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.